அண்டை வீட்டாருக்கு ஒரு பெட்டித் தோட்டா

அமெரிக்காவில் ஒரு தனிமனிதர் மற்றொருவருக்குத் தோட்டா விற்கும்போது சட்டம் எங்கே நிற்கிறது?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிற்றூர்களில், வேட்டையிலும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டிலும் ஆயுளைக் கழித்த முதியவர் ஒருவர் காலமாகிவிட்டால், அவருடைய துணிமணிகளையும் புத்தகங்களையும் பங்கிட்டு முடித்த குடும்பத்தார் கடைசியாக வந்து நின்று யோசிக்கும் இடம், வீட்டை ஒட்டிய கார் கொட்டகையின் அலமாரியாகவே இருக்கும். கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் ஐம்பது ஐம்பதாக அடைத்த சிறு பெட்டிகள் அங்கே அடுக்கியிருக்கும். ரைபிளுக்கு உரியவை இருபது இருபதாகத் தனியே இருக்கும். ஷாட்கன்னுக்கு உரிய இருபத்தைந்து தோட்டாப் பெட்டிகள் ஈரத்தில் அட்டை உப்பிப்போய் மூலையில் சாய்ந்திருக்கும். ராணுவம் கழித்துவிட்ட பச்சை நிறத் தகரப் பெட்டி ஒன்று, ரப்பர் விளிம்பு இறுகிய மூடியுடன், இருவர் சேர்ந்தாலன்றி நகராத கனத்தோடு கீழ்த்தட்டில் உட்கார்ந்திருக்கும். துப்பாக்கிகளை மூத்த மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுடைய எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தாத இந்தத் தோட்டாக்களை என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்காரர் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லுகிறார். விற்கலாமா?

விற்கலாம் என்பதே மத்திய சட்டத்தின் விடை. லைசென்ஸ் வேண்டியதில்லை, பதிவேடு வேண்டியதில்லை, போலீஸுக்கு அறிவிப்பும் வேண்டியதில்லை, ஒரு ரசீதுகூடக் கட்டாயமில்லை. ஒரு மாநிலத்தில் குடியிருப்பவர் மற்றொரு மாநிலத்தில் குடியிருப்பவருக்குத் துப்பாக்கியை நேராக விற்கக் கூடாது, லைசென்ஸ் பெற்ற வியாபாரி ஒருவர் நடுவே நின்றாக வேண்டும் என்று கண்டிப்பாகக் கட்டளையிடும் அதே சட்டம், தோட்டா என்று வரும்போது அந்தக் கட்டளையைச் சொல்லாமலே கடந்து போய்விடுகிறது. நம் நாட்டு வாசகருக்கு இது வியப்பாக இருக்கக்கூடும். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலும் தனிமனிதர் தம் சொந்த உபயோகத்துக்கென்று வைத்திருக்கும் தோட்டாவை, உரிமை பெற்ற மற்றொருவருக்கு விற்க இடம் இருக்கிறது; ஆனால் வாங்குபவரின் பெயரையும் விலாசத்தையும் ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு, நாற்பத்தைந்து நாள் காத்திருந்த பிறகே விற்க முடியும். அமெரிக்கச் சட்டம் அந்தக் காகிதத்தையும் காத்திருப்பையும் ஒருங்கே ஒதுக்கிவிட்டு, விற்பவருடைய கண்ணிடமும் காதிடமும் மொத்தப் பொறுப்பையும் ஒப்படைத்திருக்கிறது. அது பெரிய சுதந்திரம் என்றே அங்குள்ள துப்பாக்கிப் பிரியர்கள் கருதுகிறார்கள். அதை நான் சுமை என்றே சொல்லுவேன். சுமக்கிறோம் என்பதையே சுமப்பவர்களில் பலர் உணராதிருக்கும் சுமை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி டல்லாஸ் நகரில் ஜனாதிபதி கென்னடியின் உயிரைப் பறித்த இத்தாலிய ரைபிள், அதே ஆண்டின் மார்ச் மாதத்தில், சிகாகோ நகரத்து விளையாட்டுச் சாமான் கடை ஒன்றிலிருந்து, பத்திரிகை விளம்பரத்துக் கூப்பனை நிரப்பிப் பொய்ப்பெயரில் பணம் அனுப்பிய ஓர் ஆசாமிக்குத் தபால் மூலமாகவே போய்ச் சேர்ந்தது. குறிபார்க்கும் தொலைநோக்கியும் அனுப்பும் கூலியும் உட்பட அதற்கு ஆன மொத்தச் செலவு 21 டாலர் 45 சென்ட். அந்தச் செய்தி வெளியான பின்னும் ஐந்து ஆண்டுக் காலம் காங்கிரஸ் சபைகளில் விவாதம் இழுபறியாகவே நடந்தது; 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே, அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் தேதி, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் தோட்டாவையும் துப்பாக்கிக்குச் சமமாகவே நடத்தியது. தோட்டா விற்கும் ஒவ்வொரு கடைக்காரரும், அவர் விற்பது ஆணியும் வார்னிஷும் ஆனாலும், மீன் பிடிக்கிறவர்களுக்குத் தூண்டில் புழு ஆனாலும், மத்திய சர்க்காரிடம் லைசென்ஸ் பெற வேண்டும். வாங்குபவர் பெயர், விலாசம், பிறந்த தேதி, வாங்கிய வகை, எண்ணிக்கை எல்லாவற்றையும் நோட்டில் பதிய வேண்டும். மாநில எல்லையைத் தாண்டித் தபாலில் தருவித்துக்கொள்வதும் தடுக்கப்பட்டது. ஆனால் எழுதத் தொடங்கிய நோட்டு நிரம்பி, அடுத்த நோட்டும் நிரம்பி, பின்புறத்து அறைகளில் அவை குவிந்தனவேயன்றி, அவற்றைப் புரட்டிக் குற்றவாளியைக் கண்டுபிடித்த சம்பவங்கள் மிகச் சொற்பமாகவே இருந்தன. முதலில் வேட்டைத் துப்பாக்கிகளின் தோட்டாக்களுக்குப் பதிவிலிருந்து விலக்குக் கிடைத்தது. 1982இல், சிறுவர் முதல் முதியவர் வரை எல்லாரும் தகரக் குவளைகளைக் குறிவைத்துச் சுடும் .22 தோட்டாவுக்கும் விலக்குக் கிடைத்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. அதற்கு முந்தின ஆண்டு மார்ச் மாதத்தில் ஜனாதிபதி ரீகனின் இடப்பக்க விலாவில் பாய்ந்து அவரை மரணத்தின் வாசல் வரை கொண்டுபோனதும் .22 தோட்டாதான்.

இறுதியில், ஐடஹோவின் செனட்டர் மக்ளூரும் மிசூரியின் பிரதிநிதி வோல்க்மரும் பல ஆண்டு பாடுபட்டு நிறைவேற்றிய துப்பாக்கி உடையோர் பாதுகாப்புச் சட்டத்தில் 1986 மே 19ஆம் தேதி கையெழுத்திட்டவரும் அதே ரீகன்தான். தோட்டா வியாபாரிக்கு லைசென்ஸ், தோட்டாவுக்குப் பதிவேடு, தபால் விற்பனைக்குத் தடை ஆகிய மூன்றும் அன்றோடு போயின. இச்சட்டத்தை எதிர்த்தவர்கள் எவ்வளவோ வாதாடியும், பதிவேட்டின் விஷயத்தில் அவர்கள் கை தளர்ந்தே இருந்தது. ஏனென்றால், அந்நாளில் கருவூல இலாகாவின் கீழ் இருந்து இச்சட்டங்களை அமல் செய்துவந்த ஸ்தாபனமே, தோட்டாப் பதிவேடுகளால் குற்றம் துப்பறிவதில் பெரிய பிரயோஜனம் இல்லை என்று ஒப்புக்கொண்டிருந்தது.

காகிதம் போயிற்று, மிஞ்சி நின்றது ஒரே வாசகம். வாங்குகிற ஆள் சட்டத்தால் தடுக்கப்பட்டவர் என்று தெரிந்திருந்தோ, அப்படி நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தோ, அவருக்குத் துப்பாக்கியையோ தோட்டாவையோ விற்பதும் கொடுப்பதும் குற்றம் என்பது அவ்வாசகத்தின் தாத்பரியம். இதில் வியாபாரி, தனிமனிதர் என்ற பேதமே இல்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இக்குற்றத்துக்கு உச்சபட்சத் தண்டனை பதினைந்து ஆண்டுச் சிறைவாசம். தடுக்கப்பட்டவர்களின் ஜாபிதாவோ நீளமானது. ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனைக்குரிய குற்றத்தில் தீர்ப்பானவர், வாரண்டுக்குத் தப்பி ஓடியவர், சட்டம் தடுத்த போதைப் பொருளை உபயோகிப்பவர், மனநிலை காரணமாக நீதிமன்ற உத்தரவுக்கு உட்பட்டவர், ராணுவத்திலிருந்து அவமதிப்போடு விலக்கப்பட்டவர், பிரஜா உரிமையைத் துறந்தவர், மனைவியையோ துணையையோ நெருங்கக் கூடாதென்ற கோர்ட்டு உத்தரவுக்கு உட்பட்டவர், குடும்பத்துக்குள் கைநீட்டிச் சிறு குற்றத்தில் தண்டனை அடைந்தவர் என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

அந்த ஜாபிதாவில் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைத் தொடும் ஓர் இனமும் இருக்கிறது. எச்-1பி முதலான தற்காலிக விசாவில் அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள், பொது விதியாக, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்துக்கொள்ளக் கூடாதவர்கள். ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமச் சீட்டு கையில் இருப்பவருக்கு மாத்திரம் விலக்கு உண்டு. பச்சை அட்டை பெற்றவருக்கு இந்தத் தடை கிடையாது. ஆகவே டெக்ஸாஸில் ஒரே அலுவலகத்தில், ஒரே வகைத் தற்காலிக விசாவில், அடுத்தடுத்த மேஜையில் வேலை பார்க்கும் இரண்டு நண்பர்களில் ஒருவருக்குச் சக ஊழியர் ஒரு பெட்டித் தோட்டாவை விற்பது சாதாரண விக்கிரயமாகவும், மற்றவருக்கு விற்பது இருவரையும் சிறைவரை கொண்டுபோகக்கூடிய காரியமாகவும் இருக்கும். வேட்டைச் சீட்டுக்குச் சில டாலர் கட்டாததுதான் இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

இனி, விற்பவர் எப்படித் தெரிந்துகொள்வார் என்று கேட்டால், தெரிந்துகொள்ள அவருக்கு அதிகாரபூர்வமான வழி எதையும் மத்திய சர்க்கார் வைக்கவில்லை. துப்பாக்கிக் கடைக்காரர்கள் வாங்குபவரின் பூர்வோத்தரத்தை உடனுக்குடன் விசாரிக்க உதவும் தேசிய அமைப்பு ஒன்று 1998 நவம்பர் முதல் இயங்கிவருகிறது. அதன் கதவு தனிமனிதருக்குத் திறக்காது. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் தமக்குள்ளே ஒரு சம்பிரதாயத்தை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரோல் பங்கின் வெளிச்சமான முற்றத்திலோ, துப்பாக்கிச் சந்தையின் மேஜை ஓரத்திலோ, சில ஊர்களில் போலீஸ் நிலையத்தின் வாகன நிறுத்தத்திலோ சந்திப்பார்கள். டிரைவிங் லைசென்ஸைக் காட்டச் சொல்லுவார்கள். மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கிக்கு மாநில சர்க்கார் கொடுத்த அனுமதி அட்டை இருந்தால் அதைக் கேட்பார்கள், ஏனென்றால் அதைக் கொடுக்குமுன் சர்க்காரே அவரைச் சோதித்திருக்கும். அட்டை இல்லை, காட்டமாட்டேன் என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இவையெல்லாம் சட்டம் கேட்டவை அல்ல, பயம் கற்பித்தவை. டிரைவிங் லைசென்ஸோ வயதையும் விலாசத்தையும்தான் சொல்லும். அதை வைத்திருப்பவர் பத்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத்தில் என்ன செய்தார் என்பதைச் சொல்லாது.

நியாயமான காரணம் என்பது எங்கே பிறக்கிறது என்று யோசித்தால் விஷயம் இன்னும் கடினமாகிறது. வாங்க வந்தவருடைய காரின் கதவு திறந்ததும் கஞ்சா வாசனை வருகிறது. அந்த மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வமானது. மருத்துவ அட்டைகூட அவரிடம் இருக்கிறது. ஆயினும் மத்திய சட்டத்தின் பார்வையில் கஞ்சா உபயோகிப்பவர் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தடுக்கப்பட்டவரே என்றும், மருத்துவக் கஞ்சா அட்டை இருப்பது தெரிந்தாலே நம்புவதற்கு நியாயமான காரணம் ஏற்பட்டுவிட்டது என்றும் 2011 செப்டம்பரில் இச்சட்டங்களை அமல் செய்யும் மத்திய ஸ்தாபனம் வியாபாரிகளுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் சொன்னது. வாசனை தெரிந்த பின்னும் பெட்டியைக் கைமாற்றுகிறவர், மூக்கடைப்பு இருந்தது என்று பிற்பாடு நீதிபதியிடம் சொல்லிப் பார்க்கலாம்!

வயது விஷயத்திலும் ஒரு கோணல் உண்டு. லைசென்ஸ் பெற்ற கடையில் ரைபிள் தோட்டா வாங்கப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு இருபத்தொன்று. .22 தோட்டாவோ இரண்டிலும் செல்லக்கூடியது. ஆகையால் பத்தொன்பது வயதுப் பையன் ஒரு பெட்டி .22 கேட்டால், ரைபிளுக்கா கைத்துப்பாக்கிக்கா என்று கடைக்காரர் கேட்பார்; பையன் ரைபிளுக்கு என்பான்; வியாபாரம் முடியும். தனிமனிதர் விற்கும்போது, கைத்துப்பாக்கிக்கு மட்டுமே உதவும் தோட்டாவைப் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கலாகாது என்பதோடு மத்திய சட்டம் நின்றுவிடுகிறது.

விற்பவரைப் பற்றியே பேசினால் போதாது; வாங்குபவரின், ஏன், சும்மா எடுத்து வைத்தவரின் கதியும் பேசத்தக்கது. டென்னஸி மாநிலத்தில் ஒருவர், விதவையான அண்டை வீட்டு அம்மாளுக்கு அவருடைய காலஞ்சென்ற கணவரின் சாமான்களை விற்றுக்கொடுக்க உதவியபோது, அவற்றினூடே ஏழு ஷாட்கன் தோட்டாக்கள் கிடைத்தன. அவற்றை அவர் தம் வீட்டில் எடுத்து வைத்துக்கொண்டார். அவரிடம் துப்பாக்கி எதுவும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன், இளவயதில், வீடு புகுந்து திருடிய குற்றங்களுக்காகத் தண்டனை அடைந்து வெளியே வந்தவர் அவர். வேறொரு திருட்டு விசாரணைக்காக வீட்டைச் சோதனை போட்ட போலீஸார் கண்ணில் அந்த ஏழும் பட்டன. முன்பு மூன்று கொடிய குற்றங்கள் செய்தவர் ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் பதினைந்து ஆண்டுக்குக் குறையாமல் தண்டிக்க வேண்டும் என்பது சட்டம். நீதிபதிக்கு அதைக் குறைக்க அதிகாரம் இல்லை. பதினைந்து ஆண்டு விதிக்கப்பட்டது. 2014இல் அப்பீல் கோர்ட்டு அதை உறுதி செய்தது. தண்டனை மிகையானது என்ற வருத்தம் நீதிபதிகளிடமே காணப்பட்டது. ஆனால் சட்டத்தின் எழுத்து அசைந்து கொடுக்கவில்லை.

இங்கே தோட்டா என்று சட்டம் எதைச் சொல்லுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வெடிமருந்து அடைத்துக் குண்டு செருகிய முழுத் தோட்டா மாத்திரம் அதில் அடங்கியதன்று. சுட்டுத் தள்ளிய பித்தளைக் கூடு, ஊசி அடித்ததும் பொறி கக்கும் பிரைமர், தனி ஈயக் குண்டு, தனி மருந்து ஆகிய ஒவ்வொன்றும் தோட்டாவே. சுடும் மைதானத்தில் குனிந்து பொறுக்கிய காலிக் கூடுகளை ஒரு கோணிப்பையில் கட்டி நண்பருக்கு விற்கிறவரும், ஆயிரம் பிரைமர் கொண்ட அட்டைப்பெட்டியைக் கொடுக்கிறவரும், தாம் தோட்டா விற்கவில்லை என்று நினைத்துக்கொண்டால் ஏமாந்துபோவார்கள்.

அந்தக் கூடுகளைப் பொறுக்குவதற்குக் காரணம் உண்டு. பழைய கூட்டைச் சுத்தம் செய்து, அச்சில் அமுக்கி வடிவம் திருத்தி, புதிய பிரைமர் பதித்து, மருந்தைத் துலாத்தட்டில் நிறுத்துப் போட்டு, மேலே குண்டைப் பொருத்தித் தோட்டாவை மறுபடி உருவாக்கிக்கொள்வது அங்கே லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு. தம் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளும் வரை எவரையும் கேட்க வேண்டியதில்லை. லாபம் கருதித் தொடர்ந்து செய்து விற்றாலோ, அது தோட்டா உற்பத்தித் தொழில். ஆண்டுக்குப் பத்து டாலர் கட்டணத்தில் மத்திய லைசென்ஸ் வேண்டும். கடையில் வாங்கியதை விற்க எதுவும் வேண்டாம், கையால் செய்ததை விற்கத் தொடங்கினால் லைசென்ஸ் வேண்டும் என்பது முதலில் விபரீதமாகத் தோன்றினாலும், மருந்து ஒரு மடங்குக்கு இரு மடங்கு விழுந்துவிட்ட ஒரே ஒரு தோட்டா துப்பாக்கியையே பிளந்து கையைச் சிதைத்துவிடும் என்பதை எண்ணினால், இந்த ஒரு விதியிலாவது மூளை வேலை செய்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். நெடுநாள் அனுபவம் உள்ளவர்கள், முன்பின் தெரியாதவர் செய்த தோட்டாவை இனாமாகக் கொடுத்தாலும் சுடமாட்டார்கள். குண்டையும் கூட்டையும் பிரித்தெடுத்துக்கொண்டு மருந்தைக் கொட்டிவிடுவார்கள்.

பத்து டாலர் லைசென்ஸின் கதை ஒரு முறை உலகம் முழுதும் அறிந்த கதையாயிற்று. அரிசோனாவின் மேசா நகரத்தில் விமானவியல் எஞ்ஜினீயர் ஒருவர், ஓய்வு நேரத்தில் விசேஷ ரகத் தோட்டாக்களை விற்றுவந்தார். 2017இல் பீனிக்ஸ் துப்பாக்கிச் சந்தையில் அறிமுகமான ஒருவர் பிறகு அவர் வீட்டுக்கே வந்து, இருளில் ஒளிக்கோடு விட்டுப் பாயும் தோட்டாக்கள் 720 வாங்கிப் போனார். நண்பர்களோடு பாலைவனத்தில் ஒளிக்காட்சி நடத்தப்போவதாகச் சொன்னாராம், நன்றாக உடுத்தியிருந்தாராம், சந்தேகப்படும்படி எதுவும் இல்லையாம். அந்த வகைத் தோட்டாவை விற்பது குற்றமும் அன்று. வாங்கியவர்தான் அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் தேதி லாஸ் வேகாஸ் ஹோட்டல் ஒன்றின் முப்பத்திரண்டாம் மாடியிலிருந்து, கீழே சங்கீதக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தைச் சுட்டவர். இறந்தவர்கள் அறுபது பேர். அவருடைய அறையில், எஞ்ஜினீயரின் விலாசம் எழுதிய அட்டைப்பெட்டி கிடந்தது. கவசத்தைத் துளைக்கும் ரகத் தோட்டாக்களில் எஞ்ஜினீயரின் விரல் ரேகை இருந்தது. கடைசியில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2020இல் பதின்மூன்று மாதச் சிறைவாசம் பெற்றது, கொலைகாரனுக்கு விற்றார் என்பதற்காக அன்று. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தார் என்பதற்காக. சட்டம் அவருடைய மனத்துக்குள் நுழைந்து பார்க்க முடியவில்லை. அவருடைய பட்டறைக்குள்தான் நுழைய முடிந்தது. மத்திய சட்டத்தின் ‘நியாயமான காரணம்’ எவ்வளவு மெல்லிய நூல் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

தூரத்திலிருப்பவருக்கு அனுப்புவதைப் பற்றி இரண்டு வார்த்தை. சர்க்கார் தபாலில் தோட்டாவை அனுப்பவே கூடாது. ஒன்றே ஒன்றானாலும் கூடாது. தனியார் பார்ஸல் கம்பெனிகள் தத்தம் நிபந்தனைகளின்படி ஏற்பதுண்டு. அந்நிபந்தனைகளும் வரவர இறுகுகின்றன. மேலும் கீழும் கறுப்பும் நடுவே வெள்ளையுமாகச் சாய்சதுரக் குறி ஒன்றைப் பெட்டியின் மீது ஒட்ட வேண்டும். எடை 66 பவுண்டுக்கு மேற்படக் கூடாது. உள்ளே இருப்பது இன்னது என்று கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்காமல் ஒப்படைப்பது தனிக் குற்றம். தோட்டா கனமான சரக்கு. ஆயிரம் ரைபிள் தோட்டாவின் அனுப்பு கூலியைக் கணக்குப் பார்த்தவர்கள் உள்ளூரிலேயே ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

சாதாரணக் காலத்தில் இந்தத் தனிமனித வியாபாரம் யார் கண்ணிலும் படாத அற்ப விஷயம். பஞ்ச காலத்தில்தான் அது உயிர்பெறுகிறது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் கொல்லப்பட்டதையடுத்துப் புதிய தடைகள் வரும் என்ற அச்சத்தில் ஜனங்கள் வாங்கிக் குவித்தபோது, எல்லாவற்றிலும் மலிவான .22 தோட்டாவே 2013 முழுவதும் கடை அலமாரிகளில் காணாமற்போனது. வாசலில் விடியுமுன் வரிசை நின்றது. வாங்கியவர்களில் சிலர் அதே மத்தியானம் அதை இரட்டை விலைக்கு விற்றார்கள். 2020இல் கொள்ளை நோயும் கலவரமும் தேர்தலும் ஒன்றுசேர்ந்து வந்தபோது, ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா ஒன்று இருபது சென்டுக்கும் கீழிருந்து எழுபது எண்பது சென்டுக்கு ஏறியது. அப்போதெல்லாம், தகப்பனார் வைத்துவிட்டுப் போன பச்சைத் தகரப் பெட்டி, பேங்கில் போட்ட பணத்தைவிட வேகமாக வளர்ந்தது. பேராசைக்காரர்கள் என்று விற்பவர்களை ஏசியவர்களும் உண்டு. விலை ஏறியதால்தான் தமக்கு ஒரு பெட்டியாவது அகப்பட்டது என்று வாங்கியவர்களும் உண்டு.

தோட்டாவை இவ்வாறு துப்பாக்கியின் துணைச் சாமானாக எண்ணாமல் அதையே பிரதானமாக எண்ணிய அரசியல்வாதி ஒருவர் இருந்தார். 1973 முதல் 1975 வரை புதுடில்லியில் அமெரிக்கத் தூதராக இருந்து, பிறகு நியூயார்க்கின் செனட்டராக நெடுங்காலம் விளங்கிய டேனியல் பாட்ரிக் மொய்னிஹான், ஆட்களைக் கொல்வது துப்பாக்கியன்று, அதிலிருந்து புறப்படும் குண்டே என்று வாதாடினார். நாட்டில் உள்ள துப்பாக்கிகள் இன்னும் இருநூறு ஆண்டுக்கு உழைக்கும், கையிருப்புத் தோட்டாவோ நான்கே ஆண்டில் தீர்ந்துபோகும் என்பது அவர் கணக்கு. ஆகையால் தோட்டாவுக்குத் தாங்க முடியாத வரி போடுங்கள் என்றார். உடலுக்குள் விரியும் குண்டுகளுக்கு அவர் 1993இல் யோசனை சொன்ன வரி, நூற்றுக்குப் பத்தாயிரம். சபை சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. ஆனால் நான்கு ஆண்டுக் கணக்கில் அவர் எதிர்பாராத பிழை ஒன்று இருந்தது: உலர்ந்த இடத்தில் மூடி வைத்த தோட்டா ஐம்பது ஆண்டு கடந்தும் வெடிக்கும். கார் கொட்டகை அலமாரிகளின் கையிருப்பை எந்தச் செனட்டரும் எண்ணிப் பார்த்ததில்லை.

மத்திய சட்டம் விட்ட இடத்தைச் சில மாநிலங்கள் தாமாக நிரப்பியிருக்கின்றன. இல்லினாய் மாநிலத்தில் 1968 முதலே, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க விரும்புவோர் மாநிலப் போலீஸ் கொடுக்கும் அடையாள அட்டை பெற்றிருக்க வேண்டும். ஆகையால் விற்பவர் கேட்டுப் பார்ப்பதற்கு அங்கே ஒரு பொருளாவது உண்டு. நியூயார்க்கில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பத்து ஆண்டு உறங்கிக் கிடந்து, 2023 செப்டம்பரில்தான் தோட்டா வாங்குபவரைச் சோதிக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியாவோ எல்லாரையும் முந்திக்கொண்டது. 2016 நவம்பரில் ஜனங்கள் வாக்களித்து நிறைவேற்றிய 63ஆம் பிரேரணையின் பயனாக, 2018 ஜனவரி 1 முதல் தனிமனிதர் தனிமனிதருக்குத் தோட்டா விற்பதானால், இருவரும் லைசென்ஸ் பெற்ற தோட்டா வியாபாரியிடம் போய், அவர் கையால் அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றாயிற்று. 2019 ஜூலை 1 முதல், ஒவ்வொரு முறையும் வாங்குபவரின் பூர்வோத்தரத்தைச் சோதிக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. துப்பாக்கி வாங்கியபோது பதிந்த பெயரும் விலாசமும் இன்றைய லைசென்ஸில் உள்ளதோடு ஒத்திருந்தால் அப்போது கட்டணம் ஒரு டாலர். பதிவில் இல்லாதவருக்குப் பத்தொன்பது டாலரும் சில நாள் காத்திருப்பும்.

ஒத்திராவிட்டால்? வீடு மாறியவர், கல்யாணமாகிப் பெயர் மாறியவர், பழைய பதிவில் வீட்டு எண் பிழையாகப் போனவர், இவர்கள் யாவரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2023ஆம் ஆண்டின் முதற்பாதியில் சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினொருவர் இப்படி மறுக்கப்பட்டதை, கீழே சொல்லப்போகும் வழக்கில் நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. அவர்களில் உண்மையில் தடுக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் மறு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1998 முதல் தோட்டா வாங்குபவரின் கைந்நாட்டைக் கடையில் பதிந்து வந்தது. 2004இல் ஆராய்ச்சியாளர் இரண்டு மாதப் பதிவை எடுத்துப் போலீஸ் ஆவணங்களோடு ஒப்பிட்டபோது, நூற்றுக்கு மூவருக்குச் சற்றுக் குறைவானோர் தோட்டா வாங்கத் தடுக்கப்பட்டவர்கள் என்றும், அவர்கள் வாங்கிப் போனவை பத்தாயிரத்துக்குச் சற்று அதிகம் என்றும் தெரிந்தது. தங்கள் கைந்நாட்டையே வைத்துவிட்டு அவர்கள் வாங்கிப் போயிருக்கிறார்கள்! 1986இல் பிரயோஜனமில்லை என்று தூக்கி எறிந்த நோட்டை யாராவது உட்கார்ந்து படித்திருந்தால் பிரயோஜனம் இருந்திருக்கலாம் என்பதே என் அபிப்பிராயம்.

கலிபோர்னியாச் சட்டம், பக்கத்து நெவாடாவில் வாங்கிய தோட்டாவை அம்மாநிலவாசி நேராக வீட்டுக்குக் கொண்டுவருவதையும் தடுத்தது. அதையும் வியாபாரி வழியாகவே தருவிக்க வேண்டும். அந்த எல்லைச் சாலையில் வண்டிகளை நிறுத்தும் சாவடி விவசாய இலாகாவினுடையது. அதில் நிற்கும் உத்தியோகஸ்தர், ஆரஞ்சு, மாங்காய், செடி ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டுக் கையசைத்து அனுப்பிவிடுவார்.

ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் தொடர்ந்து ஆறு பதக்கம் வென்ற துப்பாக்கி வீராங்கனை கிம் ரோட் முதலியோர் 2018இல் இந்தக் கலிபோர்னியாச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், சான் டியேகோ நீதிபதி ரோஜர் பெனிடெஸ் 2020இலும், மறுபடி 2024 ஜனவரியிலும் சோதனை முறைக்குத் தடை விதித்தார். இரண்டு முறையும் மேல்கோர்ட்டு சில நாளிலேயே அதை நிறுத்தி வைத்தது. 2025 ஜூலையில் அப்பீல் கோர்ட்டின் மூவர் கொண்ட ஆயம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பெனிடெஸ் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை தோட்டா இல்லாமல் அர்த்தமற்றது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு முறையும் பிரஜையைச் சோதிக்கும் வழக்கம் இந்நாட்டின் சரித்திரத்திலேயே இல்லை என்றனர் இருவர். சோதிக்கப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இதனால் ஆகும் செலவு ஒரு டாலர், ஆகும் தாமதம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இதை உரிமைப் பறிப்பு என்பது மிகை என்றார் மாறுபட்ட மூன்றாமவர். இதுவே இறுதிச் சொல் என்று இரு கட்சியாரும் எண்ணவில்லை.